ஒரு ரப்பர் பெல்ட்டும் ஃபெராரியும்

மெக்கானிக்கல் படிச்சுட்டு பொட்டி தட்டிக்கிட்டிருக்கற ஆளு நான். ஃபெராரி வாங்கற யோகம் இந்த ஜென்மத்துல கிடையாது. ஆனா பழைய 308-ஐ அதோட சொந்தக்காரங்களே வீட்டு ஷெட்டுல கழட்டி மாட்டறாங்கன்னு தெரிஞ்சதும் ஒரே குடைச்சல். அது எப்படி முடியுதுன்னு தேடிப் போனா, கதை ஒரு ரப்பர் பெல்ட்டுல வந்து நின்னுச்சு.

கிராங்க்ஷாஃப்ட் ரெண்டு சுத்து சுத்தினா, வால்வைத் திறக்கற கேம்ஷாஃப்ட் சரியா ஒரு சுத்து சுத்தணும். கணக்கு தப்பினா பிஸ்டன் வந்து வால்வை இடிக்கும். எஞ்சின் காலி. ஆரம்ப கால ஃபெராரிகள்ல இந்தக் கணக்கைப் பார்த்துக்கிட்டது இரும்புச் சங்கிலி.

ஃபெராரிக்குப் பெரிய வி12 எஞ்சின் போட்டுக் கொடுத்த ஆரேலியோ லாம்ப்ரெடி 1955-ல் ஃபியட்டுக்குப் போனார். 1966-ல் வந்த ஃபியட் 124 ஸ்போர்ட் ஸ்பைடரோட 1438 சிசி எஞ்சின்ல, சங்கிலிக்குப் பதிலா பல் வச்ச பெல்ட்டைப் போட்டார். சத்தம் கம்மி, எண்ணெய் வேண்டாம், செலவும் கம்மி. 1969-ல் ஃபெராரியோட பாதிப் பங்கை ஃபியட் வாங்கிச்சு. 1973-ல் டினோ 308 ஜிடி4, 1975-ல் 308 ஜிடிபி, ரெண்டுலயும் பெல்ட்தான்.

308-ல வி8 எஞ்சின் குறுக்குவாட்டுல உட்கார்ந்திருக்கும். பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு பெல்ட். பின் சக்கரத்தைக் கழட்டி, உள்ளே இருக்கற மறைப்பையும் எடுத்தா கை எட்டும். ஃப்ளைவீல்ல 'பிஎம் 1-4'ன்னு ஒரு குறி இருக்கும். பிஎம்னா இத்தாலியன்ல 'புன்ட்டோ மோர்ட்டோ', பிஸ்டன் உச்சிக்கு வந்து நிக்கற இடம். அந்தக் குறியையும் கேம்ஷாஃப்ட் குறிகளையும் சேர்த்து வச்சுட்டுத்தான் பழைய பெல்ட்ல கை வைக்கணும். வால்வு ஸ்பிரிங் தள்ளி கேம்ஷாஃப்ட் சட்டுனு திரும்பப் பார்க்கும். அதை அசையாமப் பிடிச்சு வைக்கணும். புது பெல்ட் மாட்டினதும் சாவி போடற ஆசையை அடக்கிக்கிட்டு, கையாலயே ரெண்டு சுத்து சுத்தி குறி சேருதான்னு பார்க்கணும். பொறுமை இருந்தா வீட்டுலயே முடியற வேலை.

1989-ல் 348 வந்தப்போ எஞ்சினை நீளவாட்டுல திருப்பி வச்சாங்க. காரோட சமநிலைக்கு நல்லது. ஆனா பெல்ட் போய் சீட்டுக்குப் பின்னாடி சுவரோட ஒட்டிக்கிச்சு. அதை மாத்த முழு எஞ்சினையும் கீழே இறக்கணும். 1994-ல் வந்த எஃப்355-லயும் இதே கதை. ஓடாம நின்னாலும் ரப்பருக்கு வயசாகுமே, சில வருஷத்துக்கு ஒரு தடவை இறக்கித்தான் ஆகணும். ஷெட்டுல ஸ்பேனரோட உட்கார்ந்தவன்ல பாதிப் பேர் எழுந்து போயிருப்பான்.

1999-ல் 360 மொடெனாவுல சீட்டுக்குப் பின்னாடி ஒரு மூடி வச்சாங்க. அதைத் திறந்து, எஞ்சினை இறக்காமலே பெல்ட் மாத்தலாம். 2004-ல் எஃப்430 வந்தப்போ பெல்ட்டே போச்சு, மறுபடி சங்கிலி.

பெல்ட் மேல தப்பே இல்லை. அதை எங்கே வச்சாங்கங்கறதுதான் சொந்தக்காரன் தன் வண்டியைத் தொடலாமா கூடாதான்னு முடிவு பண்ணிச்சு.

ரொம்ப நியாயம் பேசிட்டேனோ? போன மாசம் நான் எழுதின கோடுல ஒரு வரி மாத்த, டீம்ல ஒரு பையன் மூணு நாள் முழு எஞ்சினையும் இறக்கிக்கிட்டிருந்தான். அவன்கிட்ட இந்தக் கதையைச் சொல்லலை :-)