கழுத்துச் சுளுக்கு: சும்மாடு முதல் கணினி வரை

கழுத்துச் சுளுக்கு என்பது கழுத்துத் தசைகளோ தசைநாண்களோ அளவுக்கு மீறி இழுபடுவதாலும், நெடுநேரம் தளராமல் இறுகி நிற்பதாலும் உண்டாகும் வலி ஆகும். கழுத்தில் உள்ள 7 முள்ளெலும்புகள் ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலையைத் தாங்குகின்றன. அந்தத் தலையை நிமிர்த்தி நிறுத்தும் வேலை தசைகளுடையது. உலக அளவிலான நோய்ச்சுமை ஆய்வின்படி 2020 ஆம் ஆண்டில் 20 கோடிப் பேர் வரை கழுத்து வலியால் அவதிப்பட்டனர்.

இந்த வலியின் வரலாற்றைக் கொட்டிவாக்கம் போன்ற ஓர் ஊரில் ஒரே பார்வையில் காணலாம். திருவான்மியூருக்கும் பாலவாக்கத்துக்கும் இடையே உள்ள இவ்வூர் 2011 இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. கிழக்கே கடலோரத்தில் மீனவர் குப்பம் இருக்கிறது. மேற்கே பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி நிறுவனங்கள் இருக்கின்றன. மீன் கூடையைத் தலையில் சுமந்து விற்ற பெண்ணின் கழுத்தும், திரையைப் பார்த்துக் குனிந்திருக்கும் ஊழியரின் கழுத்தும் ஒரே வலியை வெவ்வேறு வழிகளில் அடைகின்றன.

சுமையும் கல்லும்

தலைச்சுமை தமிழகத்தில் நெடுங்காலம் அன்றாட வாழ்க்கையாக இருந்தது. துணியைச் சுருட்டி வளையமாக்கித் தலையில் வைக்கும் சும்மாடு, சுமை உச்சந்தலையின் ஒரே புள்ளியில் அழுத்தாமல் பரவச் செய்கிறது. கூடை ஆடாமலும் பார்த்துக்கொள்கிறது. ஆடும் சுமையை நிலைநிறுத்தக் கழுத்துத் தசைகள் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் இது சிறிய உதவி அன்று.

இதைவிடச் சிறப்பானது சுமைதாங்கிக் கல். இரண்டு நடுகற்களின் மேல் ஒரு பலகைக் கல்லைக் கிடையாகப் பாவி, ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவாக வழியோரங்களில் இது அமைக்கப்பட்டது. தனியாக வருபவர் குனியாமலும் பிறர் உதவி இல்லாமலும் சுமையை இறக்கி வைத்து, இளைப்பாறிய பின் மீண்டும் தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். பாரத்தை ஏற்றி இறக்கும் நொடியில்தான் கழுத்து திடீரென முறுக்கப்படுகிறது. அந்த நொடியின் ஆபத்தை இந்தக் கல் குறைத்தது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக, அவள் இறக்கி வைக்காமல் போன சுமைக்கு ஈடாக இதை நிறுவும் வழக்கம் இருந்தது. தமிழகத்து வழிப்போக்கரின் கழுத்தைக் காக்க எழுந்த பொதுப்பணி என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

தலைச்சுமைக்குப் பழகியவர்கள் திறமையாக நடக்கிறார்கள் என்பதை அறிவியலும் ஒப்புக்கொண்டுள்ளது. கிழக்கு ஆப்பிரிக்கப் பெண்கள் தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதல் ஆற்றல் செலவின்றித் தலையில் சுமந்ததாக 1986 இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆனால் ஆற்றல் மிச்சமாவது வேறு, எலும்பு தேயாமல் இருப்பது வேறு. நெடுங்காலம் தலைச்சுமை தூக்குவோரின் கழுத்தெலும்புகளில் தேய்மானம் மிகுந்திருப்பது பிற ஆய்வுகளில் தெரிந்தது.

நீவலும் தைலமும்

சுளுக்கு எடுப்பது ஊர்தோறும் உண்டு. கால் முதலில் வெளிவந்து பிறந்தவர் நீவினால் சுளுக்கு விடும் என்பது பரவலான நம்பிக்கை. யார் நீவினாலும் சூடும் அழுத்தமும் இறுகிய தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் என்பதால் இந்த நம்பிக்கை நிலைத்திருக்க வேண்டும். சித்த மருத்துவம் இதற்கு முறையான வடிவம் தந்தது. அதன் 32 புறமருத்துவ முறைகளில் ஒற்றடமும் தொக்கணமும் அடங்கும். தேய்மானத்தோடு கூடிய கழுத்து வலியைச் சித்த மருத்துவர்கள் சகனவாதத்தோடு ஒப்பிடுவர். தாம்பரத்தில் 2005 இல் தொடங்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் இம்முறைகள் கற்பிக்கப்படுகின்றன.

மயிலாப்பூரின் பங்கு ஒரு சிறிய மஞ்சள் புட்டி. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893 இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன் நிறுவனம் 1914 இல் சென்னைக்கு வந்தது. இசைக் கச்சேரிகளில் தைலத்தை இலவசமாகக் கொடுத்து அவர் விற்பனையை வளர்த்ததாகச் சொல்வார்கள். லஸ் பகுதியில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பெயரால் அமைந்தது. இத்தகைய தைலங்களில் உள்ள மென்தால், குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டி வலி உணர்வை மங்கச் செய்கிறது. வலி குறைகிறது, தசையின் களைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

அசையாத உழைப்பு

தரமணியில் டைடல் பூங்கா 2000 ஆம் ஆண்டு திறக்கப்பட்டபின் இப்பகுதியின் உழைப்பே மாறியது. சுமை இல்லாமலே கழுத்து வலித்தது. 1700 இல் தொழில் நோய்கள் பற்றி நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் ரமாசினி, எழுத்தர்களின் உபாதைக்கு ஓயாமல் உட்கார்ந்திருப்பதையும் ஒரு காரணமாகக் கூறியிருந்தார். 1991 இல் சுவீடனைச் சேர்ந்த ஹாக் இதற்கு ஒரு விளக்கம் முன்வைத்தார். சிறிய உழைப்பிலும் தசையின் சில இழைகள் முதலில் வேலைக்கு வருகின்றன. கடைசியில்தான் ஓய்வுக்குப் போகின்றன. கதையில் வரும் பெண்ணின் பெயரால் அவற்றைச் ‘சிண்டரெல்லா இழைகள்’ என்கிறார்கள்.

60 பாகை குனிந்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் ஏறும் என்ற செய்தியும் பரவலாகப் பகிரப்படுகிறது. இது 2014 இல் வெளியான ஒரு கணித மாதிரியின் விடை. மனிதர்களிடம் அளந்து பெற்றது அன்று. குனிவது சுமையைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் எண்ணைக் கண்டு அஞ்சுவதைவிட, ஒரே நிலையில் எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்று பார்ப்பதே பயன் தரும்.

பட்டையிலிருந்து பயிற்சிக்கு

கழுத்தைச் சுற்றிப் பட்டை கட்டி அசையாமல் வைப்பது நெடுநாள் மருத்துவ வழக்கமாக இருந்தது. வாகன மோதலில் கழுத்து வெட்டி இழுபட்டவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிய கியூபெக் குழு, எலும்பு முறிவு இல்லாதவர்கள் விரைவில் வழக்கமான அசைவுகளுக்குத் திரும்புவதே நல்லது என்று 1995 இல் கூறியது. நெடுநாள் பட்டை அணிந்தால் தசை மேலும் நலியும். 2011 இல் டென்மார்க்கில் அலுவலக ஊழியர்கள் 198 பேரிடம் நடந்த ஆய்வில், இழுவை நாடாவைக் கொண்டு நாள்தோறும் 2 நிமிடம் தோள் பயிற்சி செய்தவர்களுக்கே 10 வாரங்களில் வலி குறைந்தது.

முடிதிருத்தும் கடையில் முகச் சவரம் முடிந்ததும் கழுத்தைத் திருப்பி ‘நெட்டி’ எடுப்பது பலருக்குப் பிடிக்கும். திடீர்த் திருப்பலில் கழுத்தெலும்புகளின் ஊடே மூளைக்குச் செல்லும் தமனி கிழிந்து பக்கவாதம் ஏற்படலாம்; இது அரிது, ஆனால் நிகழ்ந்திருக்கிறது. அழகு நிலையத் தொட்டியில் கழுத்தைப் பின்னால் சாய்த்துத் தலை கழுவிய பெண்களுக்கு வந்த பக்கவாதத்தை அமெரிக்க மருத்துவர் ஒருவர் 1993 இல் பதிவு செய்தார்.

பெரும்பாலான சுளுக்கு சில வாரங்களில் தானே தணியும். சூடு ஒற்றடம், மெல்லத் திருப்பும் அசைவுகள், மருத்துவர் சொல்லும் வலி மாத்திரை ஆகியவை போதும். கை மரத்தாலும், பிடி தளர்ந்தாலும், நடை தடுமாறினாலும், காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும், விழுந்து அடிபட்டபின் வலி தொடங்கினாலும் நீவலுக்கோ தைலத்துக்கோ காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.