பனூ மூஸாவின் மிதவை

திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகளில் பஞ்சு நூலாகுமுன் திரியாகிறது. திரி தடித்தாலோ மெலிந்தாலோ நூல் கெடும். ஆகவே ஆட்டோலெவலர் என்னும் கருவி அதன் கனத்தை ஓயாது அளந்து, உருளைகளின் வேகத்தை மாற்றிச் சீர்செய்கிறது. அளந்து திருத்தும் இம்முறையின் வரலாறு தொன்மையானது.

அவ்வரலாற்றில் பக்தாதுக்குத் தனியிடம் உண்டு. கி.பி. 850ஆம் ஆண்டளவில் முஹம்மது, அஹ்மது, ஹசன் என்னும் பனூ மூஸா சகோதரர் மூவர் 'கிதாபுல் ஹியல்' என்னும் நூலை இயற்றினர். 'ஹீலா'வின் பன்மையே 'ஹியல்'. ஃபிக்ஹு நூல்களில் சட்ட உபாயத்தைக் குறிக்கும் அச்சொல், இங்கே பொறிநுட்பத்தைக் குறிக்கிறது. கிரேக்கர் அறிந்திருந்த மிதவையை இவர்கள் மேலும் வளர்த்தனர். நீர் தாழ்ந்தால் மிதவை தாழ்ந்து வழி திறக்கும், உயர்ந்தால் அடைக்கும். காவலுக்கு ஆள் வேண்டியதில்லை.

மிதவையின் விதியை வகுத்தவன் மனிதன். செயற்கை நுண்ணறிவோ விதியையும் தானே கற்கிறது. 2022ஆம் ஆண்டு ஜப்பானில் யோகோகாவா, ஜே.எஸ்.ஆர். நிறுவனங்கள், இரசாயன ஆலை ஒன்றின் வடித்தல் பகுதியை 35 நாட்கள் அதன் பொறுப்பில் இயக்கிப் பார்த்தன. அங்கும் இலக்கை வகுத்தோர் மனிதரே.

நம் ஆலைகளுக்கும் இந்நுட்பம் வருங்கால் நாம் எழுப்ப வேண்டிய வினா இதுவே: இலக்கை வகுப்பவர் யார்? நூலின் சீர்மையும் மின்சாரச் சிக்கனமும் மட்டுமே இலக்காயின், இயந்திரம் அவற்றையே காக்கும். தொழிலாளர் தாங்கக்கூடிய வேகமும் அதில் இடம்பெற வேண்டுமாயின், அதனை மனிதரே எழுதியாக வேண்டும். மிதவை நீரை அறியும், தாகத்தை அறியாது.