தூக்குவது சுலபம், தாங்குவதுதான் சங்கதி

நம் வயதுக்காரர்களுக்கு ‘வாட்டர் சர்வீஸ்’ என்றதும் கண்ணுக்குள் வருவது ஒன்றுதான். தரைக்குள்ளிருந்து எண்ணெய்ப் பளபளப்போடு ஒரு தடித்த இரும்புத் தூண் எழும்பும். அதன் தலைமேல் அம்பாசிடரோ ஃபியட்டோ உட்கார்ந்திருக்கும். பையன் ஒருவன் அடியில் நின்று தண்ணீர் பீய்ச்சுவான். இன்னொருவன் கிரீஸ் கன்னோடு நிற்பான். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால், வீட்டு ஷெட்டிலேயே லிஃப்ட் வைக்க ஆசைப்படுகிறவர்கள் இப்போது என்னிடம் யோசனை கேட்கிறார்கள். எந்தக் கம்பெனி, என்ன விலை என்று பேசுமுன் அந்தத் தூணின் கதையைத்தான் அவர்களுக்குச் சொல்கிறேன். தேர்வு செய்ய வேண்டிய விதம் அதிலேயே இருக்கிறது.

ஆரம்பத்தில் காரை யாரும் தூக்கவில்லை. மனிதன்தான் கீழே இறங்கினான். பட்டறை தரையில் ஆள் நிற்கும் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன்மேல் வண்டியை நிறுத்தினார்கள். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டியிருந்த காலம் அது. குழியில் செலவு குறைவு, ஆனால் ஆபத்து அதிகம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது குழியில் போய்த் தங்கிவிடும். கைவிளக்கின் பல்பு உடைந்து ஒரு பொறி பட்டால் போதும். மழைக்காலத்தில் தண்ணீர் வேறு நிற்கும். வீட்டு ஷெட்டில் ‘ஒரு குழி வெட்டிவிட்டால் போகிறது’ என்பவர்களுக்கு என் பதில் இன்றும் ‘வேண்டாம்’ என்பதே.

பாரத்தைத் தூக்கும் வித்தை காருக்கு முன்பே கைவசம் இருந்தது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்று பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். அதை வைத்து இங்கிலாந்தில் ஜோசப் பிராமா 1795-ல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். கணக்கு எளிது. 25 செ.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு சுமார் 490 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 7 கிலோ அழுத்தம் கொடுத்தால் 3,400 கிலோவுக்கு மேல் தூக்கலாம். அம்பாசிடரின் எடை ஒன்றேகால் டன்னுக்குள்தான். பட்டறையில் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரே அதற்குப் போதும்.

இதைக் காருக்குப் பொருத்தியவர் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து மெக்கானிக் பீட்டர் லுனாட்டி. ஆண்டு 1925. சலூன் நாற்காலி உயர்வதைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். தரைக்கடியில் சிலிண்டர், அதில் எண்ணெய், எண்ணெயைத் தள்ளக் காற்று. தூணின் மேல் காரைச் சுற்றித் திருப்பவும் முடியும். அதனால்தான் அவர் கம்பெனிக்கு ‘ரோட்டரி’ என்று பெயர். நம் கோயமுத்தூரில் 1960-ல் தொடங்கிய எல்ஜி எக்விப்மென்ட்ஸும் கம்ப்ரஸரையும் காரேஜ் சாதனங்களையும் சேர்த்தே செய்ய ஆரம்பித்தது. இரண்டும் ஒரே பட்டறையின் தேவைகள் அல்லவா?

ஆனால் எண்ணெய் தூக்குமே தவிர, அதை நம்பிக் கீழே நிற்க முடியாது. சீல் தேய்ந்தால் கசியும். மாலையில் ஏற்றி வைத்த வண்டி காலையில் நான்கு விரற்கடை இறங்கியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு பட்டறையில், எங்களிடம் பயிற்சி முடித்துப் போன பையன் ஒருவன், ஜாக்கியை மட்டும் நம்பி லாரிக்கடியில் படுத்தான். முட்டுக்கட்டை வைக்கவில்லை. ஜாக்கி சரிந்தது. அவனுக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் நான் எழுதிப் போட்டது ஒரே வரிதான்: ‘தூக்குவது ஒன்று, தாங்குவது வேறொன்று.’

இதை உலகத்துக்கு முதலில் கண்முன் காட்டியவர் கார்க்காரர் அல்ல, மாடி லிஃப்ட்காரர். 1854-ல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் உயரத்தில் ஒரு மேடைமேல் நின்றுகொண்டு, அதைத் தாங்கிய கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கிப் பல்லில் மாட்டி நின்றுவிட்டது. கயிறு தூக்கியது, பல் தாங்கியது.

காரின் தூணுக்கும் பிறகு பக்கத்தில் ஓர் இரும்புக் கால் வைத்தார்கள். இன்றைய இரட்டைத் தூண் லிஃப்டில் இந்தப் பல் தூணுக்குள்ளேயே இருக்கிறது. வண்டி ஏறும்போது ‘டக், டக்’ என்று கேட்கிறதே, அது லாக் விழும் சத்தம். வேண்டிய உயரத்துக்குமேல் சற்று ஏற்றி, பிறகு லாக்கின்மேல் இறக்கி வைக்க வேண்டும். அப்போது பாரம் எண்ணெயில் இல்லை, இரும்பில் இருக்கிறது. அதன் பிறகுதான் ஆள் உள்ளே போக வேண்டும்.

இனி உங்கள் ஷெட்டுக்கு வருவோம். முதலில் மேலே பாருங்கள். பத்தடி உயரக் கூரை, ஐந்தடி உயரக் கார் என்றால் மிச்சம் ஐந்தடிதான். ஆறடி தூக்கும் லிஃப்டை வாங்கி அங்கே என்ன செய்வது? அடுத்துக் கீழே பாருங்கள். இரட்டைத் தூணின் பாரமெல்லாம் அடியிலுள்ள போல்ட்டுகளில் நிற்கிறது. குறைந்தது நான்கு அங்குல நல்ல கான்கிரீட் வேண்டும். அதற்கு மேல் கேட்கும் கம்பெனிகளும் உண்டு. நிரப்பு மண்மேல் மெல்லிய பெட் கான்கிரீட், அதன்மேல் டைல்ஸ் என்று போட்ட ஷெட்டில் தூண் பிடுங்கிக்கொள்ளும். நான்கு தூண் லிஃப்டுக்கு இந்தக் கவலை குறைவு. ஆனால் இடம் அதிகம் பிடிக்கும், சக்கரம் கழற்றத் தனி ஜாக்கியும் வேண்டும். கத்திரி போல மடியும் அரை உயர லிஃப்ட் சின்ன ஷெட்டுக்குத் தோதானது. டயர், பிரேக் வேலைக்குப் போதும். பழைய ஒற்றைத் தூணைப் போலவே காரின் நடு வயிற்றை மறைக்கும், அவ்வளவுதான். மோட்டார் சிங்கிள் ஃபேஸில் ஓடுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை டன் தூக்கும் என்பதை விற்பவரே கேட்காமல் சொல்லிவிடுவார். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: “எண்ணெய்க் குழாய் வெடித்தால் இது எதன்மேல் நிற்கும்?” அந்த இரும்புப் பல்லைக் கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். காட்டி, வாங்கி, மாட்டிய பிறகும் இரண்டு ஸ்டாண்டுகளை வண்டிக்கடியில் வைத்துவிட்டே உள்ளே போங்கள்.