லாச்சப்பல்

பாரிஸின் வடபகுதியில் 10ஆம், 18ஆம் வட்டாரங்கள் சந்திக்கும் இடம் லாச்சப்பல். பிரெஞ்சுக்காரர் ‘லா சப்பல்’ என்று இரு சொல்லாக உச்சரிப்பதைத் தமிழர் ஒரே சொல்லாக்கிக்கொண்டனர். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான். கிழக்கே சற்றுத் தள்ளி லா வில்லெத் நீர்த்தேக்கம். அங்கிருந்து சான் மார்த்தான் கால்வாய் செய்ன் நதியை நோக்கி இறங்குகிறது.

இவ்வூரின் கதையை அதன் நிலமே தீர்மானித்தது. மேற்கே மோன்மார்த்ர் குன்று, கிழக்கே பெல்வில் மேடு, நடுவே தாழ்ந்த ஓர் இடைவெளி. பாலக்காட்டுக் கணவாயைச் சிறிதாக்கிப் பார்த்தால் போதும். ரோமானியர் காலத்து வடதிசைச் சாலை இதன் வழியாகவே போனது. பின்னர் வந்த கால்வாய், ரயில், மெத்ரோ எதற்கும் இதைவிட வசதியான வழி அமையவில்லை.

பெயரின் பொருள் சிற்றாலயம். பாரிஸுக்கு வடக்கே உள்ள சான் தெனி நகருக்குச் செல்லும் வழியில் எழுந்த ஒரு சிறு வழிபாட்டிடத்தைச் சுற்றி ஊர் வளர்ந்தது. 1429 செப்டம்பரில் பாரிஸைத் தாக்கப் புறப்பட்ட ஜோன் ஆஃப் ஆர்க் இங்கேதான் தங்கினாள். தொடையில் அம்பு தைத்தபின் திரும்பி வந்ததும் இங்கேதான். அதன்பின் நெடுங்காலம் இது திராட்சைத் தோட்டங்களும் மதுச்சாலைகளும் கொண்ட சிற்றூர். பாரிஸின் சுங்க மதிலுக்கு வெளியே இருந்ததால் இங்கே மது மலிவு.

19ஆம் நூற்றாண்டு அந்த அமைதியைக் கலைத்தது. ஊர்க் நதியின் நீரைப் பாரிஸுக்குக் கொண்டுவர 1802இல் நெப்போலியன் ஆணையிட்டார். 1808இல் லா வில்லெத் நீர்த்தேக்கம் நிறைந்தது. 1825இல் சான் மார்த்தான் கால்வாய் திறந்தது. படகுகளில் சரக்கு வந்து குவிய, கரையோரம் கிடங்குகளாயிற்று. 1846இல் கார் து நோர் திறக்கப்பட்டதும் பட்டறைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் பெருகின. 1860இல் ஊரின் பெரும்பகுதி பாரிஸோடு இணைந்தது, எஞ்சியதை அண்டை ஊர்கள் பங்கிட்டுக்கொண்டன. சுங்க மதில் இடிக்கப்பட்ட தடத்தில்தான் இன்றைய லா சப்பல் பெருவீதி ஓடுகிறது; 1903 முதல் அதன் தலைக்கு மேலே மெத்ரோ. இன்று தமிழ்க் கடைகள் நிறைந்த கைல் வீதியும் பெர்தொனே வீதியும் முறையே ரயில் எஞ்சின் தயாரித்த ஒருவரின், ரயில்வே பொறியாளர் ஒருவரின் பெயர்களைத் தாங்கியவை.

பிரான்சுக்கு முதலில் வந்த தமிழர் புதுச்சேரிக்காரர்கள். 1962இல் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்கு ஆட்சிமாற்றம் சட்டப்படி முடிந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்கள் பலர் படையிலும் அரசுப் பணியிலும் இருந்தார்கள். அவர்கள் ஓரிடத்தில் கூடவில்லை. லாச்சப்பலைத் தமிழூராக்கியவர்கள் ஈழத்தமிழர்கள். 1970களின் இறுதியில் தொடங்கிய வருகை 1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பின் பெருகியது. பலருக்கு லண்டன்தான் கனவு. லண்டன் செல்ல ரயில் ஏறும் நிலையமோ கார் து நோர். 1985இல் பிரிட்டன் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கவே, இடைத்தங்கலாக நினைத்த நகரமே பலருக்கு வாழ்விடமாயிற்று.

அதே 1985இல் மாணிக்க விநாயகர் ஆலயம் தொடங்கப்பட்டது. இப்போது அது பஜோல் வீதியில் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசி வாக்கில் நடக்கும் தேர்த்திருவிழாவில் பாரிஸ் வீதியிலே சிதறுதேங்காய் உடைபடும், காவடி ஆடும். ஊர் திரும்ப முடியாதவர்களுக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு பெரியது என்பதை வடம் பிடிக்கும் முதியவர்களின் முகத்தில் காணலாம். இன்னொரு பொருத்தமும் சொல்லத் தக்கது: நாடக இயக்குநர் பீட்டர் புரூக் 1985இல் அவிஞ்ஞோனில் அரங்கேற்றிய மகாபாரதம், பின்னர் இந்தக் கடைத்தெருவின் ஓரத்திலுள்ள பூஃப் து நோர் அரங்கில்தான் மேடையேறியது.

ஃபோபூர் சான் தெனி வீதியின் வடமுனையில் மரக்கறிக் கடை, நகைக்கடை, சேலைக்கடை, கொத்துரொட்டி போடும் உணவகம், பயண முகவர் எல்லாம் நெருங்கி நிற்கின்றன. ஆனால் தமிழரில் பெரும்பாலோர் இங்கே குடியிருப்பதில்லை. அவர்கள் வீடுகள் லா கூர்னெவ், பொபினி, சார்செல் போன்ற புறநகர்களில். கார் து நோரில் நிற்கும் புறநகர் ரயில்களும் மெத்ரோவும்தான் அவர்களை இங்கே கூட்டுகின்றன. ஞாயிறு மாலை அந்த நடைமேடைகளில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் பைகளோடு நிற்பவர்கள், லாச்சப்பலுக்கு வந்து வீடு திரும்புபவர்கள்.