ஊட்டச்சத்து உணவு உதவி: அரியலூர் – பெரம்பலூர் வட்டாரம்

வறுமையாலும் பேரிடராலும் நலிந்தவர்களுக்கு அரசும் தொண்டு நிறுவனங்களும் கொடுக்கும் உணவில், வயிறு நிறைவதோடு உடம்பும் தேற வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்வதே ஊட்டச்சத்து உணவு உதவி. எந்த வயதுக்கு, எந்தப் பண்டத்தை, எத்தனை நாள் கொடுப்பது என்ற மூன்று முடிவுகள்தான் அதன் பலனைத் தீர்மானிக்கின்றன. இந்த முடிவுகள் அறுபது ஆண்டுகளில் எப்படியெல்லாம் மாறின என்பதற்கு, முன்பு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு இணைந்திருந்த இந்த வட்டாரம் நல்ல சான்று.

2024 நவம்பர் 15 அன்று அரியலூர் மாவட்டம் வாரணவாசி அங்கன்வாடி மையத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தின் இரண்டாம் கட்டத்தைத் தொடங்கி வைத்தார். இதற்கு ஒதுக்கப்பட்ட தொகை ரூ.22 கோடி. அன்று வழங்கப்பட்ட பெட்டகத்தில் புரதம் சேர்ந்த சத்துமாவு, நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக், குடற்புழு நீக்கும் மாத்திரை ஆகியவை இருந்தன. பெட்டகத்தைப் பெற்றுக்கொண்டவர்கள், எடை குறைந்த கைக்குழந்தைகளின் தாய்மார்கள்.

இந்தத் தேர்வில்தான் திட்டத்தின் அறிவு இருக்கிறது. ஆறு மாதம் முடியும்வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே உணவு. தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது மருத்துவம். அந்த வயதில் மெலிந்த பிள்ளையைத் தேற்ற வேண்டுமென்றால் தாய்க்குச் சோறு போட வேண்டும். நம் கிராமங்களிலோ பத்தியம் என்ற பெயரில் பிள்ளை பெற்றவளுக்குக் காயையும் கீரையையும் ஒதுக்கும் வீடுகள் இன்னும் உண்டு. பால் கொடுக்கும் மாதங்களில் மற்ற நாட்களைவிடக் கூடுதலாகச் சாப்பிட வேண்டியவள், அப்போதுதான் குறைவாகச் சாப்பிடுகிறாள். பெட்டகம் அவள் பெயரில் வருவதால், வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்காருபவளுக்கும் ஒரு பங்கு உறுதியாகிறது.

2022 மே 21 அன்று நீலகிரியில் தொடங்கிய முதல் கட்டம், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை எடை, உயரம் பார்த்துப் பிரித்தெடுத்தது. கடுமையாக மெலிந்திருந்தும் வேறு நோய் இல்லாத குழந்தைகளுக்கு, உடனே உண்ணத்தக்க சிகிச்சை உணவு கொடுக்கப்பட்டது. அந்தக் கட்டத்தில் 77.3 சதவீதக் குழந்தைகள் இயல்பு நிலைக்குத் திரும்பியதாக அரசு அறிவித்தது.

இந்தச் சிகிச்சை உணவின் மூல வடிவத்தை 1996இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ஆந்த்ரே பிரியாந்தும் உணவுத் தொழில்நுட்பர் மிஷேல் லெஸ்கானும் உருவாக்கினர். நிலக்கடலை விழுது, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின், தாது உப்புகள் கலந்த பசை அது. 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி இருக்கும். அடுப்பும் தண்ணீரும் தேவையில்லை. அதற்கு முன் பால் கரைசல்களை நம்பி மருத்துவமனையில் வாரக்கணக்கில் படுத்திருந்த குழந்தைகள் பலர், இதன்பின் வீட்டிலிருந்தே தேறினார்கள்.

உணவு உதவி எப்போதும் இவ்வளவு கணக்காக இருந்ததில்லை. 1961 முதல் தமிழகப் பள்ளி மதிய உணவுக்குக் ‘கேர்’ நிறுவனத்தின் வழியாக அமெரிக்காவின் உபரி தானியமும் பால் பவுடரும் எண்ணெயும் வந்தன. மக்காச்சோள மாவும் கோதுமை ரவையும் உப்புமாவாகக் கிண்டப்பட்டன. பசியை ஆற்றிய அந்த உப்புமாவைப் பெரியவர்கள் இன்றும் நன்றியோடு பேசுவார்கள். ஆனால் என்ன அனுப்புவது என்பதை முடிவு செய்தது பெரும்பாலும் அங்கிருந்த விளைச்சல்தான். அமெரிக்க உணவு உதவியின் தரத்தை ஆராய்ந்த டப்ட்ஸ் பல்கலைக்கழகம், 2011 அறிக்கையில் மக்காச்சோள–சோயா மாவோடு பால் புரதம் சேர்க்கவும், கஞ்சியில் ஊற்றும் எண்ணெயைக் கூட்டவும் பரிந்துரைத்தது.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பிள்ளைகளின் தட்டுக்கு ஊர்ச் சோறும் சாம்பாரும் வந்தன. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010இல் அது வாரம் ஐந்தானது. தமிழகத்தில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்னணியில் இருக்கிறது. அது நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகிறது. அங்கிருந்து வரும் முட்டை சத்துணவுக் கூடத்தில் அவிகிறது. ஒரு காலத்தில் கப்பலில் வந்த மக்காச்சோளம், இப்போது நம் வயலில் விளைந்து தரமான புரதமாக மாறிப் பிள்ளைகளின் தட்டுக்கு வருவது பெருமைப்பட வேண்டிய மாற்றம்.

யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விக்கு 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் விடை தேடியது. ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரையான குழந்தைகளுக்கு மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு, தேறியதும் நிறுத்தம். ஒரு தராசும் வளர்ச்சி அட்டையும் இல்லாமல் இது நடந்திருக்காது. உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் முறை இது.

அங்கன்வாடி சத்துமாவில் நுணுக்கமான ஒரு சேர்க்கை உண்டு: முளைகட்டிய கேழ்வரகு. வெறும் மாவில் காய்ச்சிய கஞ்சி சீக்கிரம் இறுகிவிடும். தண்ணீர் ஊற்றி இளக்கினால் சத்து குறையும். ஒரு வயதுப் பிள்ளையின் சின்ன வயிறோ அதற்குள் நிறைந்துவிடும். முளைக்கும்போது தானியத்தில் உண்டாகும் நொதி மாச்சத்தை உடைப்பதால், அதே நெகிழ்வுள்ள கஞ்சியில் கூடுதல் மாவு பிடிக்கிறது. நம் பாட்டிமார் வழக்கமாகச் செய்ததுதான் இது.

செறிவூட்டிய அரிசியின் கதை வேறு. நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ வீதம் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 அடங்கிய மணிகளைக் கலக்கிறார்கள். அவை சற்றே மஞ்சள் தட்டும், கழுவும்போது சில மிதக்கும். ‘பிளாஸ்டிக் அரிசி’ என்ற வதந்தியை நம்பி அந்த மணிகளையே பொறுக்கி எறிந்தவர்கள் பல ஊர்களில் உண்டு. ரேஷன் கடையில் அரிசி போடும்போதே நான்கு மணிகளைக் கையில் வைத்துக் காட்டி விளக்கியிருந்தால் அந்தச் சத்து வீணாகியிருக்காது.

இந்த வட்டாரத்தில் மக்காச்சோளமும் கடலையும் தாராளமாக விளைகின்றன. சத்துமாவையும் கடலை விழுதையும் இங்கேயே தயாரிக்கலாம். தடையாக நிற்பது அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு. இலங்கையில் 1973 முதல் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் வழங்கப்படும் திரிபோஷா மாவும் மக்காச்சோளத்தை நம்பியதுதான். 2022 நெருக்கடியில் நஞ்சில்லாத மக்காச்சோளம் கிடைக்காமல் அதன் உற்பத்தி தடுமாறியது. பெரம்பலூரில் அறுவடைக் காலத்தில் களம் போதாமல் சாலையோரத்திலேயே மக்காச்சோளத்தைக் காயப்போடுகிறார்கள். திடீர் மழையில் நனைந்து மீண்டும் காயும் மணியில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். ஊருக்கு ஊர் சிமெண்ட் களமும், ஈரப்பதம் பார்க்கும் கருவியும், கொள்முதல் இடத்திலேயே நஞ்சுச் சோதனையும் வந்தால், இங்கே விளையும் தானியம் கோழித் தீவனமாக மட்டுமின்றி வாரணவாசி அங்கன்வாடியின் சத்துமாவாகவும் போக முடியும்.