விண்கலத்தைத் தொலைத்த ஊர்

நடுவர் அவர்களே! "தன்னைத் தானே கேலி செய்துகொள்கிற இனம் தாழ்ந்துபோகும்" என்று அடித்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார் எதிரணித் தலைவர். ஐயா, உங்களை ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துப் போகிறேன். டிக்கெட் செலவு உங்களுடையது. (சிரிப்பு)

நியூ சவுத் வேல்ஸில் பார்க்ஸ் என்று ஒரு சிற்றூர். ஊருக்கு வெளியே ஆடு மேய்கிற நிலத்தில், 64 மீட்டர் அகலத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி. 1961-இல் திறந்தார்கள். ராட்சசன் சாப்பிட்டுவிட்டு வைத்த கிண்ணம் மாதிரி இருக்கும். 1969 ஜூலை 21, அவர்கள் ஊர் நேரப்படி மதியம். நிலாவில் ஆம்ஸ்ட்ராங் இறங்குகிறார். அந்தக் காட்சியை உலகத்துக்குக் கொடுக்கிற பொறுப்பில் இந்தக் கிண்ணத்துக்கும் பங்கு.

அன்றைக்குப் பார்த்து அங்கே காற்று! மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம். நிலாவோ அப்போதுதான் கீழ்வானத்தில் ஏறுகிறது. அதைப் பிடிக்க வேண்டுமானால் கிண்ணத்தை முழுக்கச் சாய்க்க வேண்டும். சாய்த்தால் பாய்மரம் மாதிரிக் காற்றை வாங்கும். "நிறுத்துங்கப்பா" என்று சொல்ல எல்லா நியாயமும் இருந்தது. இயக்குநர் ஜான் போல்ட்டன் நிறுத்தவில்லை.

இப்படி ஒரு வீரக்கதை கையில் கிடைத்தால் என்ன செய்வார்கள்? கொடி பறக்கும், கண்ணீர் கொட்டும், கதாநாயகன் பத்து நிமிஷம் வசனம் பேசுவான். ராப் சிட்ச் 2000-இல் எடுத்த 'தி டிஷ்' படத்தில் என்ன செய்தார் தெரியுமா? நடக்காத ஒரு தப்பைத் தேடிப்பிடித்துத் தங்கள் தலையிலேயே போட்டுக்கொண்டார்!

படத்தில் மின்சாரம் போகிறது. ஜெனரேட்டரும் படுத்துவிடுகிறது. கணிப்பொறியில் இருந்த எண்ணெல்லாம் போயே போச்சு. மூன்று பேரோடு பறக்கிற விண்கலம் எங்கே? தெரியலை! நாசாவிடம் மழுப்புகிறார்கள். மாய்ந்து மாய்ந்து கணக்குப் போட்டுவிட்டுக் கடைசியில், "போகிற இடம் நிலாதானே, அங்கேயே திருப்புவோம்" என்கிறார்கள். (கைதட்டல்) அமெரிக்கத் தூதர் வருகிறார்; அவர் நாட்டு தேசிய கீதத்துக்குப் பதிலாக, 'ஹவாய் ஃபைவ்-ஓ' என்கிற துப்பறியும் தொடரின் இசையை வாசித்துத் தள்ளுகிறது உள்ளூர் பாண்டு!

விண்கலம் தொலைந்தது முழுக்கக் கற்பனை. காற்று நிஜம், அதைக் கடைசியில் வைத்தார். அதுவரை சிரித்தவன் அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறான்.

இது திடீரென்று முளைத்த குணமல்ல. ஸ்டீல் ரட் 1899-இல் எழுதிய 'ஆன் அவர் செலக்‌ஷன்' 1932-இல் பேசும்படமாக வந்தது. காட்டைத் திருத்திப் பயிர் செய்து தோற்றுக்கொண்டே இருக்கிற அப்பா, அசட்டு மகன் டேவ். "பட்டணத்தான் பட்டிக்காட்டானைப் பார்த்துச் சிரித்தான்" என்பீர்கள். எழுதியவரே குவீன்ஸ்லாந்தில் அப்படியொரு நிலத்தில் வளர்ந்த பிள்ளை ஐயா!

எதிரணிக்கு ஒன்றை நானே எடுத்துக் கொடுக்கிறேன். நிலாவில் முதல் அடி வைத்த காட்சி பார்க்ஸிலிருந்து வரவில்லை. கான்பெராவுக்குப் பக்கத்தில் ஹனிசக்கிள் கிரீக் என்கிற நிலையத்திலிருந்து வந்தது. சுமார் ஒன்பது நிமிடம் கழித்துத்தான் பார்க்ஸுக்கு மாறினார்கள். பிறகு இரண்டரை மணி நேரம் அதுதான். படமோ எல்லாவற்றையும் பார்க்ஸ் கணக்கில் எழுதிவிட்டது. தங்களைக் கேலி செய்துகொண்டதில் பார்க்ஸ்காரர்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஹனிசக்கிள் கிரீக்கில் கண் விழித்தவர்களுக்கு அந்தக் கேலியில்கூட இடம் கிடைக்கவில்லையே, அதுதான் எனக்கு வருத்தம். நடுவர் மணியில் கை வைத்துவிட்டார்.