ஆடற்கூடத்திலிருந்து வானொலிக்கு: கார்ல் ஓர்ஃபின் குழந்தை இசைக்கல்வி உருவான வழி

ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் (1895–1982) பெயரைச் சொன்னால், சிறு சைலஃபோன்களைச் சுற்றித் தரையில் அமர்ந்திருக்கும் குழந்தைகள்தாம் ஆசிரியர்களின் நினைவுக்கு வருவார்கள். ஆனால் அவருடைய ‘ஷூல்வெர்க்’ முறை குழந்தைகளுக்கென்று தொடங்கியதல்ல. இளம்பெண்கள் ஆடல் பயின்ற ஒரு கூடத்தில் பிறந்து, போரையும் வானொலியையும் கடந்துதான் அது குழந்தைகளிடம் வந்தது. அந்த முறையின் வலிமைகளும் குறைகளும் பெரும்பாலும் இந்தச் சுற்றுவழியில் சேர்ந்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முன்னோடி ஒருவரைச் சொல்லியாக வேண்டும். ஜெனீவா இசைக்கல்லூரி ஆசிரியர் எமில் ஜாக்-டால்க்ரோஸ், தம் மாணவர்கள் தாளில் பிழையின்றி எழுதும் இசையை மனக்காதில் கேட்க முடியாமல் திணறுவதைக் கண்டார். இசையை முதலில் நடையிலும் கையசைவிலும் உணரச் செய்தார். காலப்பிரமாணம் உடம்பில் ஊறவேண்டும் என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஆடற்பள்ளிகளில் பரவியது.

அவற்றுள் ஒன்று 1924-இல் மியூனிக்கில் டோரோதே குந்தரும் ஓர்ஃபும் தொடங்கிய குந்தர் பள்ளி. டால்க்ரோஸின் வகுப்பில் ஆசிரியர் பியானோ வாசிப்பார், மாணவர் அசைவார். ஓர்ஃப் அந்தப் பிரிவினையை ஒழிக்க விரும்பினார்: ஆடுபவரே வாசிக்க வேண்டும், வாசிப்பவரே எழுந்து ஆட வேண்டும். பியானோ பயிலாத ஆடல் மாணவியர் கையில் எதைக் கொடுப்பது? முரசுகள், கிலுகிலுப்பைகள், காற்சலங்கைகள் வந்தன. இசைக்கருவியியல் அறிஞர் கூர்ட் சாக்ஸின் யோசனைப்படி ரெக்கார்டர் குழல்கள் வந்தன. ஹார்ப்சிகார்டு செய்யும் கார்ல் மேண்ட்லர், வேற்று நாட்டுக் கருவிகளைப் பார்த்துச் சைலஃபோன்களை வடிவமைத்தார். 1926-இல் மாணவியாகச் சேர்ந்த குனில்ட் கீட்மன், இந்தக் கருவிகளுக்கான இசையைப் படைப்பவராகவும் ஆசிரியராகவும் வளர்ந்தார். முறைக்கு ஓர்ஃபின் பெயர் மட்டுமே ஒட்டிக்கொண்டது நியாயமல்ல.

1930-களின் தொடக்கத்தில் பிரஷ்ய அரசின் இசைக்கல்வி ஆலோசகர் லியோ கெஸ்டன்பெர்க், இம்முறையைப் பெர்லின் தொடக்கப்பள்ளிகளில் சோதித்துப் பார்க்க எண்ணினார். யூதரான அவரை நாட்டைவிட்டே துரத்தியது நாஜிகளை ஆட்சிக்குக் கொண்டுவந்த அரசியல் மாற்றம். அதே ஆட்சியின் கீழ், 1936 பெர்லின் ஒலிம்பிக் தொடக்க நாள் நிகழ்ச்சியில் குழந்தைகளின் ஆட்டத்துக்கு ஓர்ஃபும் கீட்மனும் இசை தந்தார்கள். இவ்விரு செய்திகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். பாராட்டு நூல்கள் முதலாவதோடு நின்றுவிடுவதுண்டு. 1944-இல் அரசு குந்தர் பள்ளியை மூடியது. அடுத்த ஆண்டு குண்டுவீச்சில் கட்டடமும் பெரும்பாலான கருவிகளும் அழிந்தன.

திருப்பம் 1948-இல் நேர்ந்தது. பவேரிய வானொலியைச் சேர்ந்த வால்டர் பனோஃப்ஸ்கி, பள்ளியின் பழைய இசைத்தட்டு ஒன்றைக் கேட்டுவிட்டு, குழந்தைகள் தாங்களே வாசிக்கும்படி இப்படி இசை எழுத முடியுமா என்று ஓர்ஃபைக் கேட்டார். ஒலிபரப்பு செப்டம்பரில் தொடங்கியது. எட்டு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகள், அழிவில் தப்பிய சில கருவிகளோடு வாசித்தார்கள்.

வானொலிக்குக் கண் இல்லை. ஆடலைக் காட்ட முடியாத இடத்தில், பேச்சு முன்னால் வந்தது. குழந்தைகளின் பெயர்கள், ஊர்ப்பெயர்கள், விளையாட்டில் ஆள் பிரிக்கும் எண்ணுப்பாட்டுகள் ஆகியவற்றின் அசையழுத்தமே தாளமாயிற்று. அதைக் கைதட்டி, தொடை தட்டி, விரல் சொடுக்கி, காலால் தரையைத் தட்டி வாசித்தார்கள். சொல்லிலிருந்து தாளம் பிடிக்கும் வழி, சொற்கட்டு அறிந்த நமக்குப் புதிதல்ல. மெட்டு இரண்டே ஸ்வரத்தில் தொடங்கியது: ப, க என்று இறங்கும் ஐரோப்பியக் குயிலின் கூவல். (நம்மூர்க் குயில் ஏறியல்லவா கூவும்!) பிறகு ஐந்து ஸ்வரம். சைலஃபோனின் சட்டங்கள் கழற்றக்கூடியவை. மத்யமத்தையும் நிஷாதத்தையும் எடுத்துவிட்டால் எஞ்சுவது ச ரி க ப த, நம் மோகனம். அதில் அரைஸ்வர உரசல் இல்லாததால் நான்கு குழந்தைகள் ஒரே நேரத்தில் மனம்போல் வாசித்தாலும் காதை உறுத்தாது. அடியில் ஒரு குழந்தை ச–ப இரண்டையும் தம்புரா போல மீட்டிக்கொண்டே இருக்கும். பிழைபடும் அச்சத்தைக் கருவியிலேயே நீக்கிவிடும் இந்த உத்தியே ஷூல்வெர்க்கின் மேதைமை என்பேன்.

கேட்ட பிள்ளைகளுக்கும் கருவி வேண்டியிருந்தது. கிளாவுஸ் பெக்கர் போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டில் கிடைத்த மரத்தில் சைலஃபோன் செய்யத் தொடங்கி, 1949-இல் ‘ஸ்டூடியோ 49’ பட்டறையை நிறுவினார். ஒலிபரப்பில் விளைந்தவை 1950 முதல் 1954 வரை ‘குழந்தைகளுக்கான இசை’ என ஐந்து தொகுதிகளாக வெளிவந்தன. இங்குதான் சிக்கல். மாதிரிகளாகத் தரப்பட்டவற்றைப் பல ஆசிரியர்கள் பாடம்செய்து ஒப்பிக்க வேண்டிய உருப்படிகளாக எடுத்துக்கொண்டார்கள். அச்சேறிய பக்கத்தில் விளையாட்டு தெரியாது, ஆடலும் தெரியாது.

விடுபட்ட ஆடலை மீட்டது கீட்மன்தான். சால்ஸ்பர்க்கின் மொசார்ட்டியம் இசைக்கல்லூரியில் 1949-இல் அவர் நடத்தத் தொடங்கிய குழந்தை வகுப்புகளில் இசையும் அசைவும் மீண்டும் ஒரே அறைக்குள் வந்தன. அங்கேயே 1961-இல் ஆசிரியர் பயிற்சிக்கென ஓர்ஃப் நிறுவனம் உருவானது. தம் கற்பித்தல் அனுபவத்தைத் தொகுத்து 1970-இல் கீட்மன் வெளியிட்ட ‘எலமெண்டாரியா’ நூலின் முதல் பகுதி தாளம், பேச்சு, கருவி வாசிப்பு பற்றியது. வானொலியால் காட்ட முடியாமற்போன அசைவுப் பயிற்சிக்கு இரண்டாம் பகுதியை அவர் ஒதுக்கினார்.